இந்தக் கணினிக்கு உரியதல்ல

மார்ச் 9, திங்கள்

போன வாரம் மின்சாரம் ஏறி இறங்கியதில் மதர்போர்டு எரிந்துவிட்டது. கணினிக் கடை ஆல்பர்ட் புதிது போட்டு இன்று கணினியைக் கொண்டுவந்து மாட்டினார். கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டுமானக் கணக்கு மென்பொருளைத் திறந்தேன். ஒரு சிறிய பெட்டி வந்தது: 'இந்த உரிமம் இந்தக் கணினிக்கு உரியதல்ல.' அதன் கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். எனக்குச் சரியில்லை. வேறு பொத்தான் இல்லாததால் அதையே அழுத்தினேன்.

எதற்காகத் திறந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் கீழே கார் நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. மொட்டைமாடியின் மேற்கு மூலையில் ஐயாயிரம் லிட்டர் தொட்டிகள் நான்கு வைக்கப்போகிறார்கள். அடுத்த வெள்ளி, 20ஆம் தேதி, கிரேன் வருகிறது. அன்றே டேங்கர் லாரி வந்து நிரப்பும். கோயமுத்தூரில் எங்கள் பகுதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர். தொட்டி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

நான்கும் நிறைந்தால் இருபது டன். அந்த மூலைக்கு நேர் கீழே வரும் தூண் தரைவரை வரவில்லை. கார் திரும்ப இடம் வேண்டும் என்று, கட்டியவர் அதை முதல் மாடியோடு நிறுத்தி ஓர் உத்திரத்தின்மேல் உட்காரவைத்துவிட்டார். குடிவந்த அன்றே பார்த்தேன். உத்திரத்தின் அடியில் இப்போது மயிரிழை அளவு விரிசலும் இருக்கிறது.

தொட்டி பற்றிய கூட்டம் போன மாதக் கடைசியில் நடந்தது. சங்கச் செயலாளர் சென்னியப்பன் பம்ப்செட் செய்து விற்பவர், உரத்த குரல்காரர். "ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க" என்றார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சம்மதிப்பவர்கள் கை தூக்கினார்கள். என் கையும் பாதி உயர்ந்ததாக என் மனைவி வள்ளிநாயகி சொல்கிறாள். கண்ணாடியைச் சரிசெய்தேன் என்பது என் நினைவு.

கையால் ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். உத்திரம் நூறு தாங்கும் என்று வைத்துக்கொண்டால், தொட்டிகள் ஏறியபின் அதன்மேல் வருவது நூற்று முப்பது. ஆனால் கைக்கணக்கு. பொறியியல் கல்லூரியில் ஓய்வு பெறும்வரை கட்டுமானவியல் கற்பித்தேனே தவிர ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கட்டியவன் இல்லை. மென்பொருள் தரும் அறிக்கை என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எங்கள் கட்டடத்தைப் போன வருடமே பொழுதுபோக்காக அதில் வரைந்து வைத்திருக்கிறேன். தொட்டியின் எடையைச் சேர்த்து ஓட்டவேண்டியதுதான் பாக்கி.

வெண்டைக்காய் வாங்கினேன். பாதி முற்றல். வள்ளிநாயகி ஒவ்வொன்றாக நுனியை வளைத்துக் காட்டினாள், ஒடியவில்லை. "வாங்கறப்ப ஒடிச்சே பாக்கலீங்களா?" ஒடித்துப் பார்த்தால் அந்த வண்டிக்காரர் முறைக்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

மென்பொருள் நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். பேசவேண்டியதை முன்கூட்டி ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பாட்டு நெடுநேரம் ஓடியபின் ஒரு பெண் வந்தார்.

"சார், நீங்க ரெஜிஸ்டர் பண்ணப்ப உங்க சிஸ்டத்தோட மேக் அட்ரஸை எடுத்து லைசென்ஸோட பூட்டி வெச்சிருக்கோம். இப்ப அந்த அட்ரஸ் உங்க சிஸ்டத்துல இல்லை. அதனால வேற சிஸ்டம்னு நினைக்குது."

"சிஸ்டம் அதுதாங்க. ஆளும் நான்தான்."

"ஆளைப் பத்தி அதுக்குத் தெரியாது சார்."

புதிய முகவரிக்கு உரிமத்தை மாற்றித் தர விண்ணப்பிக்கலாமாம். பத்து வேலை நாள் ஆகும். அவசரம் என்று சொல்லியிருக்கலாம். தாளிலும் எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவர் "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டதும் "ஒன்றுமில்லை, நன்றி" என்று சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். 24ஆம் தேதிக்கு முன் வராது.

மார்ச் 11, புதன்

ஆல்பர்ட்டை வரச்சொல்லி விளக்கம் கேட்டேன்.

"வண்டிக்கு சேஸிஸ் நம்பர் இருக்கில்லீங்களா, அந்த மாதிரி சார். நெட்டோட பேசற ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனியிலயே பன்னெண்டு எழுத்துல ஒரு நம்பர் போட்டு அனுப்பிருவாங்க. உங்க நெட் வயர் சொருகற இடம் மதர்போர்டுலயே இருக்குது. போர்டு போச்சு, நம்பரும் போச்சு."

"பழைய போர்டு இருக்கிறதா?"

"கடையில கெடக்குது. எரிஞ்சதை வெச்சு என்ன சார் பண்ணப்போறீங்க?"

"எண் மட்டும் போதும். அதைப் புதியதற்குக் கொடுக்க முடியுமா?"

அவர் சிரித்தார். "முடியும். ஆனா அது ஆள்மாறாட்டம் மாதிரி."

சட்டப்படி சரியா என்று யோசித்தேன். உரிமத்துக்குப் பணம் கட்டியவன் நான். பழைய கணினியும் நான் வாங்கியது. என் கணினியை என் கணினியாகவே காட்டுவது எப்படி ஆள்மாறாட்டம் ஆகும்? ஆனாலும் மதியத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போய் விரிசலைப் பார்த்தேன். அதே அளவுதான். ஒரு கையில் டார்ச் இருந்ததால் அளவுகோலை நேராகப் பிடிக்க முடியவில்லை. ஆகையால் உறுதியாகச் சொல்ல முடியாது.

மார்ச் 13, வெள்ளி

ஆல்பர்ட் பழைய போர்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். உரிமக் கோப்பில் இருக்கும் எண்ணையும் போர்டில் ஒட்டியிருந்த எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தோம். முதல் எழுத்திலேயே பொருந்தவில்லை.

"இது உங்க போர்டு நம்பரே இல்லீங்க சார்."

"பின் யாருடையது?"

"முதல் ஆறு எழுத்து செஞ்ச கம்பெனியோடது." கைபேசியில் தேடினார். "வைஃபை டாங்கிள் பண்றவங்க. யூஎஸ்பியில சொருகுவோமே, நகத்தளவு குச்சி. அது வெச்சிருந்தீங்களா?"

வைத்திருந்தேன். போன வருடம் குழாய் பதிக்க எங்கள் தெருவைத் தோண்டி இணைய வயரை அறுத்துப்போட்ட வாரத்தில்தான் மென்பொருளைப் பதிவு செய்தேன். அன்று சென்னியப்பன் அந்தக் குச்சியை எடுத்துவந்து, "என்ற வைஃபைல வந்துருங்க புரொபசர்" என்று அவரே சொருகிவிட்டுப் போனார். நெட் அதன் வழியாக வந்ததால் மென்பொருள் அதையே கணினி என்று எழுதிக்கொண்டிருக்கிறது. வயர் சரியான பிறகும் குச்சி கணினியின் முதுகிலேயே இருந்தது. ஜனவரியில் வாட்ச்மேன் அறையில் கேமரா பொருத்தும்போது, அந்தக் கணினிக்கு வேண்டும் என்று சென்னியப்பன் கேட்டார், கழற்றிக் கொடுத்தேன். அதன்பின் மென்பொருளை நான் திறக்கவே இல்லை. மதர்போர்டு எரியாமல் இருந்திருந்தாலும் அது என்னை உள்ளே விட்டிருக்காது.

ஆல்பர்ட்டுக்கு ஒரே சிரிப்பு. "அப்ப லைசென்ஸ் உங்களுக்கில்லீங்க சார், சென்னியப்பன் சாருக்கு."

அந்த எண்ணைப் புதிய போர்டுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அது இன்னொருவர் பொருளின் எண். வேண்டாம் என்றேன்.

மார்ச் 14, சனி

வள்ளிநாயகி: "கீழ போய் அந்தக் குச்சியக் குடுங்கன்னு கேட்டா ஆச்சு. இதுக்கு எதுக்குங்க நெஞ்சு வலி வந்தவராட்ட உக்காந்திருக்கீங்க?"

மாலை சென்னியப்பன் வீட்டு மணியை அடித்தேன். அவரே திறந்தார். "வாங்க புரொபசர், இப்பத்தான் தோட்டத்துல இருந்து இளநி வந்துச்சு." இளநீர் குடித்தோம். அவருடைய முழங்கால் பற்றியும் பம்ப் விற்பனை மந்தமாகிவிட்டது பற்றியும் பேசினார். எழுந்தபோது இரண்டு இளநீரைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

"குச்சி எங்கீங்க?" என்றாள் வள்ளிநாயகி. இளநீரை மேசைமேல் வைத்தேன்.

பிறகு குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'தொட்டி வைப்பதற்கு முன் கட்டடத்தின் வலுவை ஒருமுறை பரிசோதிப்பது நலம் என்று நினைக்கிறேன்.' அனுப்பிய உடனே 'நினைக்கிறேன்' என்பது பலவீனமாகத் தெரிந்தது. திருத்துவதற்காக அழித்தேன். 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று வந்துவிட்டது. மூன்றாம் மாடி பரிமளா டீச்சர், 'சார் என்ன அழிச்சீங்க? நல்ல விஷயமா?' என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே நான்கு பேர் சிரித்திருந்தார்கள். 'தவறுதலாக வந்தது' என்று பதில் போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

சென்னியப்பன் காரில் ஏறும்போது பிடித்துவிட்டேன். அவர் கார் நிற்பதும் அந்த உத்திரத்துக்கு நேர் கீழேதான்.

"அந்த வைஃபை குச்சி ஒருநாள் தேவைப்படுதுங்க. ஒரு பழைய கணக்குப் பார்க்கணும்."

"அடடா. தாராளமா எடுத்துக்குங்க. ஆனா இந்த வாரம் மட்டும் வேண்டாமுங்க. பைப்பும் சிமெண்டும் கீழ எறக்கி வெச்சிருக்குது, கேமரா ஓடலீன்னா தூக்கிட்டுப் போயிருவானுக. தொட்டிய மேல ஏத்தி முடிச்ச அன்னைக்கே நானே கொண்டாந்து குடுத்தர்றேன், சரீங்களா?"

"சரிங்க" என்றேன்.

வள்ளிநாயகியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "எந்தக் கணக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். பழைய கணக்கு என்றேன். அரிசியை நான்காவது முறையாகக் களைந்தாள். தண்ணீர் இல்லாத வீட்டில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவில்லை, படிக்கவில்லை. மென்பொருளை எட்டு முறை திறந்து பார்த்தேன். அதே பெட்டி.

மார்ச் 18, புதன்

வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் அறையில் போய் உட்கார்ந்தேன். செய்தித்தாள் படிக்கவந்ததுபோல ஒரு பழைய தாளையும் எடுத்துக்கொண்டேன். கணினியின் பின்னால் குச்சி சிறு நீல வெளிச்சத்தோடு இருந்தது. இழுத்தால் வந்துவிடும். ஒரு மணிநேரம் போதும், திரும்ப வைத்துவிடலாம். கையைக் கொண்டுபோய் அதைத் தொட்டேன். சூடாக இருந்தது.

அப்போது திரையைப் பார்த்தேன். கட்டங்களில் ஒன்றில் வாசல், ஒன்றில் சிமெண்டு மூட்டைகள், ஒன்றில் இந்த அறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கணினிக்குப் பின்னால் கைவிட்டிருக்கும் ஒரு கிழவர். எழுபத்திரண்டு வயது. யாரென்று அடையாளம் கண்டுகொள்ள ஒரு கணம் பிடித்தது.

தாளைப் படித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

கைக்கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன். முன்பு போட்ட தாள்களைப் பார்க்காமல். பிற்பகல் இன்னொரு தடவை, வேறு முறையில். மூன்று தடவையும் ஏறக்குறைய நூற்று முப்பது வருகிறது. ஒரே தவறை மூன்று தடவை செய்திருக்கலாம்.

பரிமளா டீச்சர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்தேன். லிஃப்ட் ஓடவில்லை. "நாளைக்கோட இந்தக் குடத்துக்கு ஓய்வு சார்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நாளை பத்து மணிக்குக் கிரேன். ஒன்பதரைக்கு இறங்கிப்போய், கணக்குத் தாள்களை ஓர் உறையில் போட்டுச் சென்னியப்பனிடம் கொடுத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். உறையின்மேல் 'தங்கள் கவனத்திற்கு' என்று எழுதினேன். பிறகு அதற்கு முன்னால் 'பணிவுடன்' என்று சேர்த்தேன்.

மார்ச் 20, வெள்ளி

ஏழரைக்கே கிரேன் வந்துவிட்டது. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து பார்த்தபோது முதல் தொட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் டேங்கர் லாரி.

உறையைத் தேடினேன். மேசையில் இல்லை. கண்ணாடியும் இல்லை. வள்ளிநாயகி, "நான் தேடறேன், நீங்க முதல்ல போங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள். முதல் மாடி வந்தபோதுதான் கையில் பல் துலக்கும் பிரஷ் இருப்பது தெரிந்தது. திரும்பிப் போனால் மறுபடி இறங்க மாட்டேன் என்று தோன்றியது.

"சென்னியப்பன்" என்று கூப்பிட்டேன். கிரேன் இரைச்சலில் கேட்கவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க புரொபசர், பிரஷோடயே வந்துட்டீங்க?"

"கொஞ்சம் உங்க கார்கிட்ட வாங்க."

"ஏத்தி முடிச்சுட்டு வர்றனுங்க."

"ஏத்தக் கூடாதுங்க."

என் குரல்தான். சற்று அதிகமாகவே வந்துவிட்டது. கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். சென்னியப்பன் என்னோடு வந்தார். பிரஷால் உத்திரத்தைக் காட்டினேன்.

"மேல மூணு மாடியிலயும் இந்த இடத்துல ஒரு தூண் இருக்குதுங்க. உங்க வீட்டு ஹாலோட மூலையில நிக்குதே, அதுதான். அது கீழ எங்க வருதுன்னு காட்டுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். வலதுபக்கத் தூணைத் தொட்டார். இடதுபக்கத் தூணைத் தொட்டார். இரண்டுக்கும் நடுவில் அவருடைய கார் நின்றது.

"இங்க இல்லீங்களே."

"இல்லீங்க. இந்த உத்திரத்து மேலதான் உக்காந்திருக்குது. நீங்க வைக்கிற இருபது டன்னும் அந்தத் தூண் தலையில எறங்கும். தூண் இது மேல எறங்கும். அந்த விரிசல் தெரியுதுங்களா?"

"தாங்காதுங்களா?"

இப்படிப்பட்ட கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லியிருக்கிறேன். கான்கிரீட்டின் தரத்தைப் பொறுத்தது, கம்பியைப் பொறுத்தது, பொதுவாகப் பார்த்தால், என்று.

"தாங்காதுங்க" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டீங்களா?"

"இல்லீங்க. கையில போட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார். வாயில் பற்பசை காரமாக இருந்தது, துப்பவும் இடமில்லை.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"தர்றேன்."

அவர் வெளியே போய், "கவுத்த அவுருங்கப்பா" என்று கத்தினார்.

அதற்குள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். பரிமளா டீச்சர் என் எதிரில் வந்து நின்றார். "மீட்டிங்குல கை தூக்கினீங்களே சார். இப்ப நாங்க எதுல குளிக்கிறது? உங்க கணக்குலயா?" சிலர் சிரித்தார்கள். வள்ளிநாயகி உறையோடும் கண்ணாடியோடும் இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டாள். உறையை யாரும் கேட்கவில்லை.

டேங்கர் லாரி தண்ணீரோடு திரும்பிப் போயிற்று.

மார்ச் 21, சனி

காலையில் சென்னியப்பன் வந்தார். மேசைமேல் குச்சியை வைத்தார்.

"வாட்ச்மேன் சொன்னானுங்க. கேமராவுல பாத்தானாமா. நீங்க இதத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்களாமா. கேட்டிருந்தாக் குடுத்திருப்பனுங்களே."

"கேட்டேனுங்க."

"பழைய கணக்குன்னுதானே கேட்டீங்க? இந்தத் தொட்டிக்குன்னு சொன்னீங்களா? ஆறு வருசமா என்ற கார் அதுக்கடியில நிக்குது புரொபசர்."

தொட்டி இல்லாதவரை பயமில்லை என்றேன். செக்குமாடு மாதிரி நான் ஒரே இடத்தில் சுற்றுகிறேன் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தொட்டிகளைக் கிழக்குச் சுவர் ஓரம் தரையிலேயே வைத்து, தண்ணீரை மேலே தள்ளும் அழுத்த பம்ப் போட்டால் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். "பாருங்க, முன்னாலயே சொல்லியிருந்தா நம்ம பம்ப்பு ஒண்ணு எப்பவோ வித்திருக்கும்."

அவர் போன பிறகு குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாங்கும் என்று மென்பொருள் சொல்லிவிட்டால்? மூன்றாம் மாடியில் யாரோ குடத்தை வைக்கும் ஓசை கேட்டது. எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். நடந்தேன்.

"சொருகிப் பாருங்க, இல்லாட்டி ஒரு பக்கமா உக்காருங்க. எனக்குத் தலை சுத்துது" என்றாள் வள்ளிநாயகி.

நாளைக்கு.

மார்ச் 22, ஞாயிறு

சொருகினேன். பெட்டி வரவில்லை. நேராக உள்ளே விட்டுவிட்டது. எங்கள் கட்டடம் போன வருடம் வரைந்த மாதிரியே பச்சைக் கோடுகளாக நின்றது. எடையைச் சேர்த்து ஓட்டினேன். அந்த உத்திரம் மட்டும் சிவப்பானது. நூற்று முப்பத்து நான்கு.

நான் நான்கு குறைவாகச் சொல்லியிருக்கிறேன்.

"என்ன சொல்லுதுங்க?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள்.

"தாங்காதுன்னு."

"அத வெள்ளிக்கெழமையே சொன்னீங்களே."

அச்செடுக்கவில்லை. குச்சியைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 25, புதன்

தொட்டிகள் கிழக்குச் சுவர் ஓரம் உட்கார்ந்துவிட்டன. பம்ப் சத்தம் கொஞ்சம் அதிகம். சென்னியப்பன், "பழகிரும்" என்கிறார். பரிமளா டீச்சர் படியில் என்னைப் பார்த்து, "சார், குழாய் திறந்தா மூஞ்சியில அடிக்குது" என்றார். புகாரா, பாராட்டா என்று தெரியவில்லை. ஆனால் கையில் குடம் இல்லை.

மென்பொருள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய மதர்போர்டின் முகவரிக்கு உரிமம் மாற்றப்பட்டுவிட்டது. இனி யாருடைய குச்சியும் வேண்டாம். திறந்து பார்த்தேன், திறந்தது. மூடிவிட்டேன்.

வெண்டைக்காய் வாங்கினேன். வண்டிக்காரர் முற்றியதாகப் பார்த்துப் போடுவது எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மூடிக்கொண்டேன். வள்ளிநாயகி நுனிகளை வளைத்துப் பார்த்துவிட்டுப் பாதியை ஒதுக்கினாள்.

அதையும் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வெண்டைக்காய் யார் தலையிலும் விழப்போவதில்லை.